எடை மேடை காட்டாத ஒன்பது கிலோ

"ரைடர் யாருங்க?"

போன ஞாயிற்றுக்கிழமை காலை. கோவைப் பக்கம் ஒரு ரேஸ் டிராக். வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி இப்படிக் கேட்டது என் கணவர் குமரேசனைப் பார்த்து. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆறடி உயரம், முறுக்கு மீசை, கையில் ஹெல்மெட்... யார் பார்த்தாலும் அவரைத்தான் நினைப்பார்கள்.

குமரேசன் ஹெல்மெட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "இவங்கதானுங்க" என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நாற்பத்து நாலு வயது, மூக்குக் கண்ணாடி, தோளில் கொஞ்சம் தொளதொளத்த இரவல் ரேஸ் உடை. அப்புறம் வண்டியைப் பார்த்தார். எருமப்பட்டியிலிருந்து நாமக்கல்லுக்கு வருஷக்கணக்கில் முட்டை டிரே சுமந்த பழைய நூறு சிசி வண்டி அது. சிரிக்கலாமா வேண்டாமா என்று ஒரு விநாடி யோசித்தார் போலிருக்கிறது. நல்லவேளை, சிரிக்கவில்லை. அன்றைக்கு நான் இருந்த மனநிலையில் யார் சிரித்திருந்தாலும் சண்டைதான்.

ஏனென்றால் அங்கே நான் போனது இரண்டாவது முறை. முதல் முறை தகுதிச் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முன்னால் போகிறவரின் நேரத்தை ஓரளவாவது நெருங்கினால்தான் பந்தயத்தில் நிற்கவே விடுவார்கள். நான் நெருங்கவில்லை. புதியவர்களுக்கான பழைய வண்டிப் பந்தயம் இந்த வருஷத்துக்கு இதுதான் கடைசி. இதையும் விட்டால் அடுத்த வருஷம் என் முழங்கால் ஒத்துழைக்குமா, யாருக்குத் தெரியும்?

'இந்த வயசில் உனக்கு எதுக்கம்மா இது?' என்கிறீர்களா? காரணம் நீங்கள்தான்!

கெங்கவல்லியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். "வாராவாரம் பயப்படாதீங்க, பயப்படாதீங்கன்னு எழுதறீங்களே... நீங்க பயந்துக்கிட்டே ஒரு காரியம் செஞ்சது கடைசியா எப்ப?"

சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. கல்லூரி நாளிலிருந்து எனக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். ஜேடர்பாளையம் ரோட்டில் காலை வேளையில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும். ஆனால் டிராக்கில் ஓட்ட வேண்டும் என்ற ஆசையை மட்டும் இருபது வருஷமாக, 'அப்புறம்' என்று எழுதிய பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். அன்று சாயங்காலமே முட்டை வண்டியை விலை பேசிவிட்டேன்.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குமரேசன் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர். அந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு வேதம்தான் – தாங்கணும். பத்து டன் என்று சொல்லி வருகிற முதலாளியின் மனசுக்குள் பன்னிரண்டு டன் இருக்கும். அதைக் கேட்காமலே புரிந்துகொண்டு, 'எதுக்கும் ஒரு பட்டை' என்று இரும்பைக் கூடுதலாக வைத்து வெல்ட் அடிப்பார்கள். அவர் செய்த பாடி ஒன்றுகூட வெல்ட் விட்டுப்போனதில்லை. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. எனக்கும்தான்.

முதலில் வண்டியைக் கழற்றினோம். கேரியர், ஸ்டாண்டு, ஹாரன், விளக்கு, கண்ணாடி... டிராக்கில் தேவைப்படாத எல்லாம் போனது. கேரியர் போல்ட்டுக்கு அடியில் முட்டைக் கரு காய்ந்து கல்லாகிக் கிடந்தது. சேலத்தில் ஒரு மெக்கானிக் எஞ்சினைப் பிரித்து வேலை செய்து, ஹேண்டிலைத் தாழ்த்தி, கால் வைக்கும் இடத்தைப் பின்னால் தள்ளிக் கொடுத்தார். வண்டியைத் திருப்பித் தரும்போது அவர் பட்டறைத் தராசில் ஏற்றிக் காட்டினார். சரியாக நூறு கிலோ.

"இதுக்கு மேல ஒரு போல்ட் ஏத்தாதீங்க மேடம்" என்றார்.

குமரேசன் பக்கத்தில்தான் நின்றார். தலையையும் ஆட்டினார்.

அடுத்த வாரம் குமரேசனின் பட்டறைக்குப் போனால், சீட்டுக்கு அடியில் புதுசாக ஒரு பட்டை. "ஃபிரேம் கொஞ்சம் லொடலொடங்குது... எதுக்கும் ஒண்ணு" என்றார். அதற்கடுத்த வாரம் பின் சக்கரத்தைப் பிடிக்கும் கையில் இரண்டு பட்டை. அப்புறம் எஞ்சினுக்கு அடியில் ஒரு தகடு. கடைசியாக, விழுந்தால் கால் நசுங்காமல் இருக்க இரண்டு பக்கமும் குழாய் வளைத்து ஒரு கார்டு. குழாய் என்றால் சும்மா குழாய் இல்லை. லாரிக்குப் போடுவது.

"ஏனுங்க, எடை ஏறாதுங்களா?"

"அதெல்லாம் ஏறலை. வா, போட்டே பாத்துரலாம்."

பட்டறைக்கு எதிரில் ராசு அண்ணனின் எடை மேடை. ஜல்லி லாரி, மரவள்ளிக் கிழங்கு லாரி எல்லாம் ஏறி இறங்குகிற இடம். அவ்வளவு பெரிய மேடையின் நட்டநடுவில் என் குட்டி வண்டியை நிறுத்தினோம். சிவப்பு எழுத்தில் நூறு என்று வந்தது.

"பாத்தியா? ஒரு கிலோ ஏறலை!" என்றார் குமரேசன். நானும் கையைத் தட்டினேன்.

ஒவ்வொரு பட்டைக்குப் பிறகும் மேடை ஏறினோம். ஒவ்வொரு முறையும் நூறு. எங்கள் இருவருக்கும் அது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? லாரி ஊர்க்காரர்களுக்கு எடை என்றால் அந்த மேடைதான். அது பொய் சொல்லுமா? சொல்லாது. ஆனால் அது இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும். நடுவில் இருப்பதெல்லாம் அதன் கண்ணுக்கே தெரியாது. டன் கணக்கில் நிறுக்கிற மேடைக்கு நாலு கிலோ, அஞ்சு கிலோ ஒரு பொருட்டா? அது குமரேசனுக்கும் தெரியும், அந்த ஊரிலேயே வளர்ந்த எனக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. வேண்டியதைக் காட்டுகிற மெஷினிடம் யாராவது குறுக்குக் கேள்வி கேட்பார்களா?

டிராக்கில்தான் தெரிந்தது. முதல் முறை தகுதிச் சுற்றில் நேர் ரோட்டில் எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். சரி, திருப்பத்தில் பிடிக்கலாம் என்று இடது பக்கம் சாய்ந்தேன். க்ரீச்...! கார்டு தரையில் உரசியது. பின் சக்கரம் தரையை விட்டுத் தூக்கியது. வண்டி என்னைக் கேட்காமலே டிராக்கை விட்டு மண்ணுக்குள் போனது. விழவில்லை. மறுபடி டிராக்கில் ஏறினேன். அப்புறம் சாயவே பயம். நேரம் பற்றவில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

திரும்பும்போது மினி லாரியில் பலகை வைத்து வண்டியை ஏற்றினோம். சேலத்திலிருந்து கொண்டுவந்த அன்று நான் ஒருத்தியே தள்ளி ஏற்றிய வண்டி. இப்போது பாதிப் பலகையில் நின்றுவிட்டது. எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது.

மறுநாள் காலை எங்கள் தெரு முனையில் கோழித் தீவனக் கடை வைத்திருக்கும் தேவியிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"தீவனம் வேணுங்களாக்கா?"

"இல்ல தேவி. மூட்டை நிறுக்கற தராசுல இதைக் கொஞ்சம் ஏத்தணும்."

ஏற்றினோம். நூற்று ஒன்பது.

தராசைத் தட்டிப் பார்த்தேன். வண்டியை இறக்கி, மறுபடி ஏற்றினேன். நூற்று ஒன்பதேதான். கோபம் தலைக்கு ஏறியது. குமரேசன் மேல், ராசு அண்ணன் மேடை மேல், கையைத் தட்டிய என் மேல்.

அதே கோபத்தோடு பட்டறைக்குப் போய், கிரைண்டரை நானே எடுத்தேன்.

"ஏம்புள்ள, அதை எதுக்கு எடுக்கற?"

"நீங்க வெச்சதையெல்லாம் வெட்டறதுக்குங்க. ஒம்போது கிலோ!"

"உன்னைக் காப்பாத்தத்தான வெச்சேன்!"

"அந்தக் குழாய்தானுங்க என்னைத் தூக்கிப் போடப் பாத்துச்சு."

அவர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அடிபட்ட லாரியெல்லாம் நம்ம பட்டறைக்குத்தான் வருது. கேபினை நாந்தான் கழுவறேன். உள்ள ஒத்தைச் செருப்பு கெடக்கும். சோத்துப் போசி மூடி தொறக்காமக் கெடக்கும். நீ அதெல்லாம் பாத்ததில்ல. ஊட்டுக்கு வந்து நாஞ் சொன்னதும் இல்ல."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். சில நாள் அவர் சாப்பிடாமல் படுத்ததற்கு என்னென்னவோ காரணம் நினைத்திருக்கிறேன். அவர் வைத்த ஒவ்வொரு பட்டையும் அந்தச் செருப்பைப் பார்த்துவிட்டு வைத்தது என்று அப்போதுதான் புரிந்தது. அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் கிரைண்டரைக் கீழே வைக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. லோடு ஏத்துன லாரி சீக்கிரம் நிக்குமா, காலி லாரியா?"

"காலிதான்."

"அப்ப என்னைக் காலியா உடுங்க."

"இப்படிக் குடு. உனக்கு அதைப் புடிக்கவே தெரியல" என்று கிரைண்டரை வாங்கினார். மதியத்துக்குள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டார். வெட்டிய இடத்தை விரலால் தடவித் தடவி, பிசிறு இல்லாமல் தேய்த்தும் கொடுத்தார். துண்டுகளை ஒரு தீவனச் சாக்கில் போட்டுக் கட்டினார்.

"அது எதுக்குங்க?"

"எதுக்கும் இருக்கட்டும். மனசு மாறுனா ஒட்டிக்கலாம்."

மாறவில்லை. அந்தச் சாக்கு போன ஞாயிற்றுக்கிழமை எங்களோடு கோவை வரைக்கும் வந்தது!

இனி அதிகாரியிடம் வருவோம். அவர் கீழே குனிந்து ஆயில் போல்ட்டைப் பார்த்தார். ஓட்டத்தில் கழன்று எண்ணெய் கொட்டாமல் இருக்க, போல்ட்டைத் துளைத்துக் கம்பி முறுக்கிக் கட்ட வேண்டும். "இவ்வளவு அழகா யாருங்க கட்டினது?" என்றார். ஆறடி மீசை வெட்கப்பட்டது. அடுத்த விநாடி அதிகாரி சீட்டுக்கு அடியில் கையை விட்டு எதையோ இழுத்தார். எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய், கறுப்புக் கயிறு.

"சார், தொங்கற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது."

குமரேசன் அதை வாங்கித் தன் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

தகுதிச் சுற்று. முதல் திருப்பத்தில் என் உடம்பு சாய மறுத்தது. இரண்டாவது சுற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு சாய்ந்தேன். காது அந்த க்ரீச்சுக்காகக் காத்திருந்தது. வரவில்லை. அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம். பயம் போய்விட்டது என்று சொன்னால் கெங்கவல்லி வாசகி நம்ப மாட்டார். போகவில்லை. பயத்தையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். ஆனால் நேரம் கிடைத்தது. கடைசி வரிசையில் ஓர் இடமும் கிடைத்தது.

பந்தயத்தில் நான் கடைசி இல்லை. எனக்குப் பின்னால் ஓர் இளைஞர் இருந்தார். அவர் வண்டி பாதியில் நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்... நன்றாக ஓடிக்கொண்டுதான் இருந்தது!

ஓடிப் போய் குமரேசனிடம் கேட்டேன். "நான் அந்தத் தம்பியை முந்துனதைப் பாத்தீங்களா?"

"எங்க?"

"அந்த லெஃப்ட் திருப்பத்துல!"

"அந்தத் திருப்பம் வந்தா நாங் கண்ணை மூடிக்கிட்டேனே" என்றார். சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் நசுங்கியிருந்தது.

ஊர் திரும்பியபோது நன்றாக இருட்டவில்லை. எடை மேடை வாசலில் ராசு அண்ணன் நின்றிருந்தார். மினி லாரியை நிறுத்தி நடந்ததைச் சொன்னோம். தன் மேடையா ஏமாற்றியது என்று அவருக்கு நம்பிக்கையே வரவில்லை. குமரேசன் தீவனச் சாக்கை இறக்கி, மேடையின் நடுவில் வைத்துவிட்டு விலகி நின்றார்.

சிவப்பு எழுத்து அசையவே இல்லை. பூஜ்யம்.

பிள்ளை மேல், பெண்டாட்டி மேல், புருஷன் மேல் நாம் பாசத்தில் ஏற்றி வைப்பதும் இப்படித்தான் போலிருக்கிறது. 'தனியாகப் போகாதே' ஒரு பட்டை. 'இந்த வயசில் எதுக்கு' இன்னொரு பட்டை. ஏற்றுகிறவர் கணக்கில் எப்போதுமே நூறுதான்.

"ஒண்ணுமே இல்லீங்களே!" என்றார் ராசு அண்ணன்.

"மேடைக்கு ஒண்ணுமில்லதானுங்கண்ணா" என்றேன். "நீங்க கொஞ்சம் தூக்கிப் பாருங்க."