அருணாதேவியின் நாலு கிலோ

செங்கம் ரோட்டில் டிபன் கடை வைத்திருக்கும் ஆதிமூலத்துக்குத் தொப்பை முதலில் வரும், பிறகுதான் ஆள் வருவார். ருசி பார்க்காமல் எதையும் இலையில் வைத்ததில்லை என்பார். வடையை மட்டும் முழுசாகத் தின்றால்தான் ருசி தெரியுமாம். மனைவி அருணாதேவிக்கோ ஊதினால் பறந்துவிடும் உடம்பு. அதைத் தாங்கவே அவள் முட்டி இரண்டும் தகராறு செய்தன. போன கார்த்திகைக்கு மொட்டைமாடி ஏற முடியாமல், எதிரே எழும்பியிருந்த கெஸ்ட் ஹவுஸ் சுவரைப் பார்த்துக் கும்பிட்டாள். மலைமேல் எரிந்த தீபம் அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தது. அடுத்த தீபத்தையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவளுக்கு அது ஒன்றுதான் ஆசை.

சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் முட்டித் தேய்மானத்துக்கு ஆராய்ச்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு ஆதிமூலம் அவளை அழைத்துப் போனார். வயிற்றிலிருந்து மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சி, அதிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து, முட்டிக்குள் ஊசியாகப் போடுவார்களாம். டாக்டர் பத்மஜா அருணாதேவியின் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தார். விரலில் தோல்தான் வந்தது.

"எடுக்க ஒண்ணுமே இல்லியேம்மா."

"எங்கிட்ட ஜாஸ்தியாவே இருக்குதுங்க டாக்டர், வேணுங்கறத எடுத்துக்கோங்க" என்று ஆதிமூலம் சட்டையைத் தூக்கியே விட்டார்.

"இந்த ஆராய்ச்சியில அவங்கவங்க கொழுப்பு அவங்கவங்களுக்குத்தான் சார். இவங்க எடை ரொம்ப கம்மி. நாலு கிலோ ஏறட்டும், பாக்கலாம். வலி போயிடும்னு இப்பவே வாக்கு குடுக்க மாட்டேன். என்னம்மா சாப்பிடறீங்க?"

அவள் சாப்பிடாத நாட்களைச் சொல்லிக்கொண்டே போனாள். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை, பௌர்ணமி. எல்லாம் கடை நன்றாக ஓட வேண்டும் என்று இருக்கும் விரதம். ஊருக்கெல்லாம் இலை போடும் மனிதர் இருபத்தாறு வருஷத்தில் இதை எண்ணிப் பார்த்ததே இல்லை. ஆதிமூலத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "விரதத்த விட்டுடு" என்றார்.

"சாமிக்கு நேர்ந்துக்கிட்டதுங்க. எப்படி விடறது?"

"அப்போ எங்கிட்ட குடுத்துடு. அண்ணாமலையாருக்கு ஒரு பட்டினி வேணும், அவ்ளோதானே? யார் வயிறுன்னா கேக்கப் போறாரு?"

வந்த செவ்வாய்க்கிழமையே ஆரம்பித்தார். பத்து மணிக்குள் மாஸ்டர் சுப்பனை நாலு தடவை திட்டினார். மதியம் சாம்பார் தாளிக்கும் வாசனை வந்ததும் ரோட்டில் போய் நின்றுகொண்டார். அருணாதேவி உள்ளே உட்கார்ந்து நெய் தோசை சாப்பிட்டாள். முதல் மாதம் கன்னத்தில் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அடுத்த மாதம் இன்னொன்று கேட்டாள். ஆடிக்குள் நாலு கிலோ ஏறிவிட்டது. கொழுப்பை எடுத்தார்கள், ஊசியும் போட்டார்கள்.

கார்த்திகை தீபத்தன்று மொட்டைமாடிக்குப் பதினாறு படியும் ஏறினாள். நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தாள். மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் "அரோகரா" என்று கத்திவிட்டு அழுதாள். காலையிலிருந்து பட்டினி கிடந்த ஆதிமூலமும் அழுதார். பக்தியா பசியா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"வலி எப்படிக் கீது?"

"கம்மிதான். முழுசா போகல."

"அதான் ஏறிட்டியே. நாளையிலருந்து உன் விரதத்த நீயே வாங்கிக்கோ."

அருணாதேவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது மட்டும் கேக்காதீங்க. இத்தினி வருஷம் கழிச்சு இப்பத்தாங்க எனக்குச் சாப்பாடு புடிச்சிருக்குது."