பெரியப்பாவுக்கும் வந்த கல்

பெரியம்மாவுக்கு விலாவுக்குக் கீழே வலி வந்துவிட்டால் அன்று வீட்டில் அடுப்பு எரியாது. சமைக்க ஆள் இல்லாமல் இல்லை. "அவ சுருண்டு கெடக்கா, ஒங்களுக்குச் சோறு எறங்குதா?" என்று பெரியப்பா கேட்டுவிடுவார். யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்தைய காலம் அது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை; ஏழெட்டு வயதுப் பெண்ணான நான் பாதி நாள் அங்கேதான் கிடப்பேன்.

பித்தப்பையில் கல் என்றும் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றும் தல்லாகுளத்து டாக்டர் சொன்னார். பெரியப்பா பயந்துபோய்ப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மேலூர்ப் பக்கத்துச் சிநேகிதர் ஒருவர் வைத்தியம் சொன்னார்: நல்லெண்ணெயில் எலுமிச்சம்பழச் சாற்றைக் கலந்து வெறும் வயிற்றில் குடித்தால் கல் தானாக இறங்கிவிடும்.

பெரியம்மா டம்ளரைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"மொதல்ல நீங்க குடிங்க. பெறகு நான் குடிக்கிறேன்."

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒரு டம்ளர் குடித்தார். அதன்பிறகு அவளும் குடித்தாள்.

மறுநாள் பச்சைப் பட்டாணி போல உருண்டைகள் வந்தன. பெரியப்பா கொஞ்சமும் அருவருப்பில்லாமல் அவற்றை அலசி, ஒரு சிரட்டையில் போட்டுத் தெருவுக்கே காட்டினார். தனக்கும் அப்படியே வந்ததை என்னிடம் மட்டும் சொன்னார். "எனக்குள்ளயும் இருந்திருக்கு தாயி. நல்லவேளை, வலிக்குமுன்னயே போயிருச்சு."

ஆனால் பெரியம்மாவின் வலி போகவில்லை. பெரியப்பா சிரட்டையோடு டாக்டரிடம் புறப்பட, நானும் ஒட்டிக்கொண்டேன்.

டாக்டர் ஓர் உருண்டையைக் கரண்டியில் வைத்து விளக்கில் காட்டினார். அது உருகியது. அறையெல்லாம் நல்லெண்ணெய் வாசம்.

"இது குடிச்ச எண்ணெய்தான். வயித்துக்குள்ள ஒறஞ்சு வந்திருக்கு."

"எத்தனையோ பேருக்குக் கொணமாயிருக்குங்களே?"

"கொணமானவங்க வந்து சொல்லுவாங்க. ஆகாதவங்க என்ன ஆனாங்கன்னு யாராச்சும் தேடிப் பாத்தாங்களா? இதை யாரும் முறையாச் சோதிச்சதா நான் கேள்விப்படல."

"பெரியப்பாவுக்கும் வந்துச்சு டாக்டர்" என்றேன் நான்.

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஒங்களுக்கு எங்கயாச்சும் வலி இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப நீங்களே சோதிச்சுப் பாத்துட்டீங்க" என்றார், சிரிக்காமல்.

பெரியம்மா பிறகு அறுவை செய்துகொண்டு நல்லபடியாக வீடு திரும்பினாள். பெரியப்பாவுக்குப் பின்னும் வெகுகாலம் இருந்தாள். அன்று அது எங்கள் இருவருக்கும் தெரியாது. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அத்தனை பாடுபட்டுச் சேர்த்த கல் எண்ணெயாகிப் போன துக்கம் என்றே நான் நினைத்தேன்.

"அழுகாதீக பெரியப்பா. இன்னொருக்கா குடிச்சா இம்புட்டும் திரும்ப வந்துரும்" என்றேன்.

"வந்துரும் தாயி" என்று சொல்லிவிட்டு, அவர் இன்னும் அதிகமாக அழுதார்.