மொட்டையா, கோடியா?

பேரையூர் பஸ் ஸ்டாண்டை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தேன். விட்டுவந்தது ஒரு கல்யாண வீடு... நான் போட்ட வம்சக் கட்டத்தால் கல்யாணம் நிற்கப்போகிற வீடு.

எட்டாவதோடு நின்ற எனக்கு இது எத்தனையாவது பிழைப்பு? எண்ணுவதை விட்டுவிட்டேன். வீடு வீடாகப் போய்த் தாத்தா, பூட்டன் பெயர்களைக் கேட்டு வரவேண்டும். மதுரைக் கடையில் அதைக் குடும்ப மரமாக பிரிண்ட் போட்டு ஃப்ரேம் மாட்டித் தருவார்கள். யாரும் கற்றுத்தரவில்லை. போகப்போகப் பழகிவிடும் என்றார்கள்.

இந்த வீட்டில் பழகினேன். பெண் செல்வி, மாப்பிள்ளைக்குத் திருவாதவூர். இரு பக்கமும் பூட்டன் பெயர் கருப்பையா. ஒரே ஆள் என்று முடிவுகட்டி, ஒரே மரத்தில் இரண்டு கிளையாக்கிவிட்டேன்.

பிரிண்டைப் பார்த்த செல்வியின் அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்பப் பங்காளியில்ல ஆகுது? அண்ணன் தங்கச்சி முறையப்பா."

முறை பார்த்துத்தான் பரிசம் போட்டிருந்தார்கள். ஆனாலும் அச்சில் வந்துவிட்டால் சொந்த ஞாபகத்தின் மேலேயே நமக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது, இல்லையா?

ஒரு ஸ்கூட்டி என்னை மறித்து நின்றது. செல்வி.

"எங்கண்ணே ஓடுறீக? ஏறுங்க."

"நான் என்னம்மா செய்ய? பேரு அப்பிடி இருக்கு."

"எங்க தெருவுலயே எம்புட்டுக் கருப்பையா இருக்காக. எல்லாரும் ஒரு வயித்துலயா பொறந்தாக? எங்க தாத்தா சாவுக்கு மாப்ளயோட தாத்தா வந்தாரே, என்ன செஞ்சாருன்னு கேட்டீகளா?"

கேட்கவில்லை. பங்காளி என்றால் மொட்டை போடுவான். பெண் கொடுத்து எடுக்கும் முறைக்காரன் கோடித்துணி கொண்டுவருவான். எனக்குத் தெரியாததா? அப்பா சாவுக்கு மொட்டை போட்ட தலைதான் இது. பேனா பிடித்ததும் மறந்துவிட்டது.

திரும்பிப் போய் அவள் அப்பாவிடம் கேட்டேன்.

அவர் யோசித்தார். "கோடிதான் கொண்டாந்தாரு. பச்சைக்கரை வேட்டி."

"கண்ணால பாத்தத விட்டுட்டு இவரு கட்டத்த நம்புறீகளாப்பா?"

"நீ மொதல்ல அவருக்குக் காப்பியக் குடு" என்றார் அவர். கல்யாணம் பிழைத்தது.

என் வேலை பிழைக்கவில்லை. மறுநாள் காலை வில்லாபுரத்தில் பந்தல்காரர்களோடு சேர்ந்துகொண்டேன். முதல் வேலையே ஒரு சாவு வீடு.

"மாப்ள, கயித்தப் புடிக்காம அங்க என்ன வேடிக்க?" என்றான் கூட வேலை பார்த்த முருகன்.

"கோடி வருது. யாரு கொண்டாறான்னு பாரு. இந்த வீட்டுல யாரு பொண்ணு கட்டலாம்னு சொல்லிருவேன்."

அவனும் கயிற்றை விட்டுவிட்டான்.