கிளப் வரலாற்றில் ஒரு சேம் சைடு கோல்

நம்ம ஊர் கால்பந்து கிளப்பின் வரலாற்றை நேற்று இங்கே எழுதியிருந்தேன். விமர்சனம் இன்று செவிலிமேடு பஸ்ஸில் வந்தது.

கண்டக்டர் குமார், எங்கள் அணியின் பழைய டிஃபெண்டர். டிக்கெட்டைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்.

"இன்னாபா, நாம ஆடின ஒரே ஃபைனல்ல என் சேம் சைடு கோலாலதான் தோத்தோம்னு எழுதிக்கீற? என் பொண்ணு படிச்சிட்டு சிரிக்குது."

"நடந்ததைத்தானே எழுதினேன்?"

"கோலி நிக்கிறான்னு நம்பித்தானே பால பின்னாடி தட்டினேன். அவன் எங்க இருந்தான்னு ஏன் எழுதல?"

மொத்த பஸ்ஸும் திரும்பியது. இரண்டு ஸ்டாப் முன்பே இறங்கிவிட்டேன்.

பதிவைத் திருத்த நான்கு முறை திறந்து, நான்கு முறையும் மூடிவிட்டேன். அன்று கோலி நான்தான். கோல் கம்பத்துக்கு வெளியே நின்று, வேடிக்கை பார்க்க வந்த ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஒருவர் இதைப் படித்தால், தயவுசெய்து கமெண்ட் போட வேண்டாம்.