சேலை நிழல்

தருமபுரியில் நான் குடியிருந்த மாடிக்குக் கீழ்வீட்டில், குடகிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஓர் அம்மா இருந்தார். ஒல்லியான உடம்பு, ஈர மண் காயாத கைகள். வாசலோரம் பாக்ஸ்வுட் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வேலியாக வளர்த்திருந்தார். சித்திரை வெயில் ஏறியதும் பழைய, மெல்லிய ஊதா வாயில் சேலை ஒன்றை அவற்றின் மேல் பந்தலாகக் கட்டிவிடுவார். சின்னஞ்சிறு இலைகள் அந்த ஊதா வெளிச்சத்தில் உறங்குவதுபோலத் தெரியும்.

“பூவும் இல்ல, காயும் இல்ல. எதுக்கும்மா இவ்ளோ பாடு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எங்கம்மா வூட்டுச் செடிங்க. குளிர்லயே வளந்தது. இந்த வெயிலு அதுக்கு இன்னும் பழகலைங்க.”

“உங்களுக்குப் பழகிடுச்சுங்களா?”

அவர் செடிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சேலையின் ஒரு முனையை அவிழ்த்து, தன் பக்கமாக இழுத்துக் கட்டினார். ஊதா நிழல் அவர் தோளிலும் விழுந்தது. அன்று அவர் வெகுநேரம் வீட்டுக்குள் போகவில்லை.