யாரும் வரமாட்டாங்க

சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில், ஆறு மாதமாக ஜன்னலைத் திறக்கவே அக்கா விடவில்லை. “என்னைப் பிடிச்சிட்டுப் போக வராங்கடா” என்பாள். “யாரும் வரமாட்டாங்கக்கா” என்று தினமும் சொல்வேன். மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை அவள் நிறுத்தியிருந்தாள்.

ஒரு நாள் காலையில், காய் நறுக்கும் கத்தியோடு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

“ரத்தம் வருதா சார்? மூச்சு இருக்கா?”

“ரொம்ப பயந்துபோயிருக்காங்க” என்றேன்.

“அப்போ போலீஸையும் அனுப்பறோம்.”

பயந்தவளுக்குப் போலீஸாம். எந்த ஊர் நியாயம் இது? ஆனால் நானும் சரி என்றுதான் சொன்னேன்.

சைரன் அலற ஆம்புலன்ஸும் போலீஸ் வண்டியும் வந்தன. நான்கு ஆண்கள் கதவை உடைத்து, அவளுடைய துப்பட்டாவாலேயே கைகளைக் கட்டித் தூக்கினார்கள். கெட்டவர்கள் இல்லை. ஒருவர் அவளுடைய செருப்பைக்கூட மறக்காமல் எடுத்துக்கொண்டார். அவர்களுக்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான். படி இறங்கும்போது அக்கா என்னைப் பார்த்தாள்.

“யாரும் வரமாட்டாங்கன்னு சொன்னியேடா.”

ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினாள். இப்போது ஜன்னல் திறந்துதான் கிடக்கிறது. அவள் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. நான் போனை எடுக்கும்போதெல்லாம் என் கையைத்தான் பார்க்கிறாள்.