வெள்ளைத்துணிக்குப் பின்பக்கம்

சினிமா வேன் வருதுன்னா அன்னைக்கு எங்க லயத்து வரிசை வீட்டுலயெல்லாம் அடுப்பு நேரத்தோட எரியும். தலவாக்கலைப் பக்கமிருந்து அந்த வேன் மொனகிக்கிட்டே ஏறி வந்து பெரட்டுக்களத்துல நிக்கும். காலையில எங்களுக்கு வேலை பிரிச்சுக் கொடுக்கிற எடம் அது. இருட்டுனதும் அங்க ரெண்டு கம்பு நட்டு நடுவுல வெள்ளைத்துணி கட்டுவாங்க. துணிக்கு முன்னால தோட்டத்து அதிகாரி கண்டாக்கய்யாவுக்கும் கணக்கப்பிள்ளைக்கும் நாற்காலி, அவங்களுக்குப் பின்னால ஆம்பளைங்க. பொம்பளைங்களும் புள்ளைங்களும் துணிக்குப் பின்பக்கம். அதான் வழக்கம். படம்தான் ரெண்டு பக்கமும் தெரியுதேன்னு நாங்களும் ஒண்ணும் கேட்டதில்ல.

பாட்டு, சண்டையெல்லாம் அதுல வராது. அத்தனையும் கவுருமெண்டு படம். கக்கூசு கட்டுங்க, கையக் கழுவுங்க, இதே பேச்சுத்தான். ஒரு தடவை ஆளே இல்லாத படம் ஒண்ணு போட்டாங்க. வெறும் கோடும் வட்டமும் மேளத்துக்குத் தக்கன ஆடுது. மிசினு கெட்டுப்போச்சுன்னு ஆம்பளைங்க விசிலடிச்சாங்க. எனக்குத் தலையச் சுத்துச்சு. எங்கக்கா மட்டும், "சும்மா இருங்கய்யா, நல்லாத்தான இருக்கு!"ன்னு இந்தப் பக்கத்துல இருந்து சத்தம் போட்டா.

அவளுக்கு எந்தப் படமும் பிடிக்கும். அட்டன் டவுன்ல பேய்ப்படம் பாக்கப் போனப்ப, பேய் வந்த நேரமெல்லாம் என் தாவணிய இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டா. மூடிக்கிட்டே, "இப்ப என்னடி செய்யுது, சொல்லித் தொலை"ன்னு என்னைய நோண்டுனா. பேய முழுசாப் பாத்தவ நான். ஆனா திரும்பி வர்ற பஸ்ஸுல கதை சொன்னது அவ! நாக்கத் துருத்தி, கண்ணை உருட்டி, பஸ்ஸையே அலற வச்சுட்டா. அந்தச் சண்டாளிய நெனச்சா இப்பவும் சிரிப்பு வருது.

அவளுக்குப் பீச்சாங்கை. தேயிலைக் கொழுந்து எல்லாரும் ரெண்டு கையாலயுந்தான் கிள்ளுவோம். ஆனா கை நெறஞ்சதும், முதுகுல தொங்குற கூடைக்கு வலது தோளுக்கு மேலதான் வீசுவோம். அவ இடது தோளுக்கு மேல வீசுவா. பக்கத்து நெரைக்காரி மூஞ்சியிலயே எத்தனையோ நாள் கொழுந்து விழுந்திருக்கு. கங்காணி திட்டித் திட்டி அலுத்துட்டாரு.

அக்காவும் மச்சானும் இந்தியாவுக்குப் போகப் பேர் கொடுத்துட்டு கப்பலுக்குக் காத்துக்கிட்டு இருந்தப்பத்தான், தேயிலையப் பத்திப் படம் பிடிக்கன்னு கொழும்புல இருந்து ஆளுங்க வந்தாங்க. நான் அன்னைக்கு வேற மலையில. அக்கா நின்ன நெரையத்தான் மேட்டுல இருந்து பிடிச்சாங்களாம். மெதுவா எடுங்க, சிரிச்சுக்கிட்டே எடுங்கன்னாங்களாம். "மெதுவா எடுத்தா முழுநாள் சம்பளத்துக்குப் பேர் போடுவாரா ஒங்கய்யான்னு கேட்டுட்டேன்டி"ன்னு வந்து சொன்னா.

கொஞ்ச நாள்ல போயிட்டா. வீட்டுல அவ போட்டோன்னு ஒண்ணுகூட இல்ல. எடுத்தது பாஸ்போட்டுக்கு ஒண்ணே ஒண்ணு, அதுவும் அவளோடயே கப்பலேறிருச்சு. அதுலேர்ந்து அம்மா சோத்துல கைய வச்சிட்டுப் பாதியில எந்திரிச்சுரும். "ஒரே ஒரு தடவ அந்தப் புள்ளையக் கண்ணுல பாத்துட்டாப் போதும்"னு பீலிக்கரையில தண்ணி பிடிக்கிறப்பகூட அதே பொலம்பல்.

அடுத்த வருசம் அந்தப் படத்தோடயே வேன் வந்துச்சு. அம்மா தலைக்கு எண்ணெ வச்சு, கல்யாணத்துக்குக் கட்டுற சீலையக் கட்டிக்கிட்டு, துணியில மூக்கு இடிக்கிற மாதிரிப் போய் உக்காந்துக்கிச்சு. "மொகம் தெரியுதோ இல்லையோம்மா, எல்லாரும் கம்பளிய மூடிக்கிட்டுத்தான் நின்னிருப்பாங்க. நீ கையப் பாரு. இடது தோளுக்கு மேல போடுறவதான் நம்ம அக்கா"ன்னு நான் பெரிய இவளாட்டம் சொல்லி வச்சேன்.

படம் ஓடுச்சு. பனி, மலை, அப்புறம் எங்க நெரை. பாத்தா, அத்தன பேரும் இடது தோளுக்கு மேல வீசுறாங்க! இவளா, அவளான்னு ஆளாளா மாறி மாறிப் பாக்குறேன். ஓரத்துல ஒருத்தி மட்டும் வலது தோளுக்கு மேல போட்டா. அவ யாரோன்னு விட்டுட்டேன். சட்டுன்னு கொழுந்து லொறியில ஏறிருச்சு, லொறி பேக்டரிக்குள்ள போயிருச்சு, படம் முடிஞ்சிருச்சு.

முன்பக்கத்துல இருந்து அப்பா கண்ணத் தொடச்சுக்கிட்டே வந்தாரு. "பாத்தீங்களா? ஓரத்துல நின்னாளே! அதே பீச்சாங்கை!"

அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு. துணிக்குப் பின்னால இருந்து பாத்தா வலது இடதா மாறிரும், இடது வலதா மாறிரும். நான் வேணாம்னு விட்டவதான் எங்கக்கா.

ஓடுனேன். மிசினுக்காரரு பெட்டிய மூடிக்கிட்டு இருந்தாரு. "ஐயா, அந்தத் துண்ட மட்டும் இன்னொருக்காப் போடுங்க, எங்கம்மா பாக்கல"ன்னு கெஞ்சுனேன். அடுத்த தோட்டத்துக்குப் போகணும், நேரமில்லைன்னாரு. "ரெண்டு நிமிசம் ஓடுனா ஒங்க மிசினு தேஞ்சா போயிரும்?"னு கத்திட்டேன். கண்டாக்கய்யா மொறைச்சாரு. வேன் எறங்கிப் போயிருச்சு.

லயத்துக்குப் போற வழி பூரா நான் ஏங்கி ஏங்கி அழுதேன். கைய வச்சுக் கண்டுபிடின்னு வெளக்கம் சொல்லி, கடைசியில அம்மாவப் பாக்கவிடாமப் பண்ணிட்டேனேன்னு ஆத்தாமை. அம்மாவோ ஒண்ணுமே நடக்காத மாதிரி முன்னால நடந்துச்சு. வீட்டுக்கு வந்து சோத்தப் போட்டு, ரொம்ப நாளைக்கப்புறம் வட்டிலு காலியாகுற மட்டும் சாப்புட்டுச்சு.

"என்னம்மா, ஒனக்கு வருத்தமே இல்லையா?"ன்னு கேட்டேன்.

"நீதானடி சொன்ன, இடது பக்கம் போடுறவதான் அவன்னு? அம்புட்டுப் பேரும் இடது பக்கந்தான் போட்டாங்க. நான் அம்புட்டுப் பேரையும் அவளாவே பாத்துட்டேன். பாவம் ஒங்கப்பா, ஒருத்தியத்தான பாத்தாரு."